கடைசிக் குழாயில் மஞ்சள் வருதா?

எங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டி 30,000 லிட்டர் பிடிக்கும். 1,000 லிட்டர் தண்ணீருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது, நான் ஊராட்சி வார்டு உறுப்பினராக இருந்தபோது பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித்தந்த கணக்கு. ஆக, தொட்டி நிறைந்தால் 120 கிராம் போட வேண்டும். ஒரு டம்ளர் அளவுதான் வரும். அதைப் பக்கெட் தண்ணீரில் கரைத்து, அரை மணி நேரம் தெளியவிட்டு, மேலே தெளிந்து நிற்கும் நீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். அடியில் தங்குகிற சுண்ணாம்புக் கசடு உள்ளே போகக் கூடாது.

சரியாகப் போட்டார்களா என்று பார்க்க ஒரு சிறிய பெட்டி இருக்கிறது. அதற்குள் ஒரு கண்ணாடிக் குழாயும் ஆர்த்தோடாலிடின் என்ற மருந்துப் புட்டியும் இருக்கும். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால், பிளீச்சிங் பவுடரிலிருந்து வந்த, கிருமியைக் கொல்லும் குளோரின் இருக்கும் தண்ணீர் மஞ்சளாக மாறும். இல்லாத தண்ணீர் அப்படியே இருக்கும். கூடவே இருக்கும் வண்ண அட்டையோடு ஒப்பிட்டு எவ்வளவு என்று சொல்லலாம். கடைசிக் குழாயில் 0.2 பிபிஎம், அதாவது ஒரு லிட்டரில் 0.2 மில்லிகிராம் குளோரின், இருந்தாக வேண்டும்.

நான் முதல் தடவை அதைச் செய்து பார்த்தது 2020-ல். தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக் குழாயில் நல்ல மஞ்சள். மாரியம்மன் கோயில் தெருவில் வெளிறிய மஞ்சள். ஓடையைத் தாண்டிக் காலனியின் கடைசித் தெருவுக்குப் போய், அங்கே இருக்கும் பொதுக் குழாயில் பிடித்தேன். மருந்தை விட்டேன். நிறம் மாறவே இல்லை. கையில் குழாயைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். வெறும் தண்ணீர். பக்கத்தில் குடத்தோடு நின்றிருந்த ஒரு அப்பாயி, "என்னா கண்ணு பாக்குற?" என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

காலையில் 120 கிராம் போட்டது உண்மை. நானே பார்த்தேன். ஆனால் அந்தத் தெருவுக்குப் போகும் குழாய் ஓடைச் சாக்கடையை ஒட்டியே போகிறது. இணைப்புகளில் கசிவு. தண்ணீர் விடாத நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் இருக்காது. அப்போது வெளியே தேங்கி நிற்பது உள்ளே இறங்கும். அந்த அழுக்கோடு போராடியே குளோரின் தீர்ந்துபோகிறது. கடைசித் தெருவுக்கு வரும்போது மிச்சம் எதுவும் இல்லை. அதை மாற்ற வேண்டுமென்றால் சுமார் நாற்பது மீட்டர் குழாயும் இரண்டு நாள் ஆள் கூலியும் போதும். ஆனால் அதற்கான பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது என்று தேடப் போனபோதுதான், ஒரு ஊருக்குத் தண்ணீர் எப்படி வருகிறது என்பதே எனக்குப் புரிய ஆரம்பித்தது.

எங்கள் ஊர் திருச்சி மாவட்டத்தில், துறையூர்ப் பக்கம். காவிரி தூரத்தில் இல்லை, ஆனால் எங்கள் மண் வானம் பார்த்த பூமி. சின்ன வயதில் இந்தியா மார்க்-2 அடிபம்புதான். எல்லோர் ஊரிலும் இருந்திருக்கும், நீளமான கைப்பிடியும் கான்கிரீட் மேடையும் உள்ள அதே பம்பு. 1970-களில் யூனிசெப் துணையோடு இந்தியாவிலேயே வடிவமைத்து, அப்புறம் உலகம் முழுக்கப் போன பம்பு அது. அப்புறம் தொட்டி வந்தது, தெருக்குழாய் வந்தது, கடைசியாக வீட்டுக் குழாய் வந்தது.

2018 சித்திரையில் ஊராட்சிப் போர்வெல் மோட்டார் எரிந்துபோனது. காயில் போய்விட்டது என்றார் டேங்க் ஆபரேட்டர். இரவு முழுக்க லோ வோல்டேஜ், அதில் ஓடியிருக்கிறது. 400 அடி ஆழத்திலிருந்து மோட்டாரை மேலே ஏற்ற வண்டி வர வேண்டும், காயில் கட்ட வேண்டும், திரும்ப இறக்க வேண்டும். எல்லாம் சேர்த்து 28,000 ரூபாய் ஆகும் என்றார்கள்.

அப்போது எங்களுக்குத் தலைவர் இல்லை, வார்டு உறுப்பினர் இல்லை. 2016 அக்டோபரில் பழைய ஊராட்சிகளின் காலம் முடிந்துவிட்டது. நடக்க வேண்டிய தேர்தல் நீதிமன்றத்தில் நின்றுபோய், 2019 டிசம்பர் வரை நடக்கவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி இல்லை என்றால் மத்திய நிதிக் குழு மானியம் வராது என்பது விதி. மூன்று வருடம் தமிழ்நாட்டு ஊராட்சிகளுக்கு அந்தப் பணம் நிறுத்தி வைக்கப்பட்டது. செய்தித்தாளில் இதைக் கட்டம் போட்டு வெளியிட்டிருப்பார்கள், நானும் புரட்டிக்கொண்டு போயிருப்பேன். எரிந்த மோட்டாருக்கு முன்னால் நின்றபோதுதான் அந்தச் செய்தியின் பொருள் தெரிந்தது. தலைவருக்குப் பதிலாக அரசு நியமித்த, செக்கில் கையெழுத்துப் போட வேண்டிய தனி அலுவலருக்கு எங்கள் ஊரைப் போல எத்தனையோ ஊர்களின் பொறுப்பு. எல்லா ஊரிலும் சித்திரை, எல்லா ஊரிலும் மோட்டார்.

பதினோரு நாள் தண்ணீர் இல்லை. வசதி உள்ளவர்கள் வயல் கிணற்றிலிருந்து டிராக்டரில் கொண்டுவந்தார்கள். மற்றவர்கள் குடத்துக்குக் காசு கொடுத்தார்கள். காலனிப் பெண்கள் ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணற்றுக்கு விடியற்காலை நாலு மணிக்கே போனார்கள், தோட்டக்காரர் எழுவதற்கு முன்னால். அதில் ஒருத்தி எட்டு மாதக் கர்ப்பிணி. அவளை நான் பார்த்தேன், இடுப்பில் குடம் வைக்க முடியாமல் தலையில் சும்மாட்டோடு வந்ததைப் பார்த்தேன். அன்றைக்கு மாலை நாங்கள் நாலைந்து பெண்கள் நோட்டு எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனோம். நூறு, இருநூறு, சில வீடுகளில் ஐம்பது. இரண்டே நாளில் பணம் சேர்ந்துவிட்டது. மோட்டார் இறங்கித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டபோது தெருவே வெளியே வந்து நின்றது.

மக்கள் தண்ணீருக்குக் காசு தர மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த நோட்டுதான் ஞாபகம் வரும். இன்னும் வைத்திருக்கிறேன்.

அந்தக் கோபத்தில்தான் 2019 தேர்தலில் வார்டு உறுப்பினருக்கு நின்றேன், ஜெயித்தேன்.

ஊராட்சி அலுவலகத்தில் முதலில் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டியது கணக்கு எண்கள். தமிழ்நாட்டு ஊராட்சிகளில் கணக்கு எண் 1 என்பது பொது நிதி. வீட்டு வரி, தண்ணீர்க் கட்டணம், தொழில் வரி எல்லாம் இதில் வரும், சம்பளமும் சில்லறைச் செலவும் இதில் போகும். கணக்கு எண் 2 மின் கட்டணத்துக்கும் குடிநீர் வடிகால் வாரியத்துக்குக் கட்ட வேண்டிய தண்ணீர்க் கட்டணத்துக்கும் ஒதுக்கியது. அதில் பணம் இருந்தாலும் வேறு எதற்கும் தொட முடியாது. கணக்கு எண் 3 திட்டப் பணம், எந்த வேலைக்கு வந்ததோ அந்த வேலைக்கு மட்டும்.

மூன்றும் நல்ல காரணத்தோடுதான் பிரிக்கப்பட்டிருக்கின்றன. கரண்ட் பில் பணத்தை எடுத்துத் திருவிழாவுக்குச் செலவு செய்துவிடக் கூடாதே. ஆனால் நாற்பது மீட்டர் குழாய் எங்கே போய் நிற்கிறது பாருங்கள். அது மின் கட்டணம் இல்லை, அதனால் 2-ல் இல்லை. அது புதுத் திட்டம் இல்லை, அதனால் 3-ல் இல்லை. மிஞ்சியிருப்பது 1. அந்தக் கணக்கில் மாதக் கடைசியில் இருக்கும் தொகையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரு நல்ல மோட்டார் வாங்க முடியாது.

15-வது நிதிக் குழு இந்த இடைவெளியை ஓரளவு உணர்ந்திருந்தது என்றே நினைக்கிறேன். 2021 முதல் 2026 வரை ஊரக உள்ளாட்சிகளுக்கு 2,36,805 கோடி ரூபாய் பரிந்துரைத்தார்கள். அதில் 60 சதவீதம் கட்டுண்ட மானியம், அதாவது சொன்ன வேலைக்கு மட்டுமே செலவு செய்ய வேண்டிய பணம். பாதி சுகாதாரத்துக்கு, பாதி குடிநீருக்கும் மழைநீர் சேகரிப்புக்கும். பராமரிப்புக்கும் அதிலிருந்து எடுக்க முடிந்தது. எங்கள் ஊரில் பல வால்வுகள் மாறியது அந்தப் பணத்தில்தான். ஆனால் அது தவணையாகத்தான் வந்தது, கணக்கெல்லாம் இணையத்தில் ஏற்றியிருக்க வேண்டியிருந்தது, தணிக்கை முடிந்திருக்க வேண்டியிருந்தது. மோட்டார் எரிவதற்குத் தவணைத் தேதி தெரியாது.

ஐந்து வருடத்தில் நான் கண்ட விஷயம் ஒன்று உண்டு. பத்து லட்சத்துக்கு ஒரு புதுத் தொட்டிக்கு மதிப்பீடு போட்டு அனுப்புங்கள், அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒன்றியத்தில் கேட்பார்கள், மாவட்டத்தில் கேட்பார்கள், எம்.எல்.ஏ. நிதி, எம்.பி. நிதி என்று எங்காவது இடம் கிடைக்கும். பழைய தொட்டியின் ஏணி துருப்பிடித்துவிட்டது, ஆபரேட்டர் ஏறும்போது ஒரு படி கழன்று கையோடு வந்துவிட்டது, அதற்குப் பத்தாயிரம் வேண்டும் என்று எழுதுங்கள், அது போகும் மேசை எது என்று யாருக்கும் தெரியாது. புதுத் தொட்டிக்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. ஏணிப் படிக்குக் கல்வெட்டு வைக்க முடியாது. யார் மேலும் குறை சொல்ல எழுதவில்லை. பணம் ஓடும் வாய்க்கால் அந்தப் பக்கமாகத்தான் வெட்டப்பட்டிருக்கிறது.

இது எங்கள் ஊர்க் கதை மட்டுமில்லை. 1972-73-ல் மத்திய அரசு துரித கிராமக் குடிநீர்த் திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் அதற்குக் கொஞ்சம் முன்னால், 1971-ல், குடிநீர் வடிகால் வாரியம் வந்துவிட்டது. 1981 முதல் 1990 வரை ஐ.நா. சபையின் குடிநீர், சுகாதாரப் பத்தாண்டு. 2002-ல் ஊர் மக்களும் பங்குத் தொகை போடும் ஸ்வஜல்தாரா குடிநீர்த் திட்டம். 2019 ஆகஸ்ட் 15 அன்று, வீட்டுக்கு வீடு குழாய் இணைப்பு தரும் ஜல் ஜீவன் மிஷன் அறிவித்தபோது நாட்டில் குழாய் இணைப்பு இருந்த கிராமத்து வீடுகள் 3.23 கோடி, அதாவது ஆறில் ஒன்று. இடையில் இருந்த கிட்டத்தட்ட ஐம்பது வருடத்தில் பணம் செலவாகவில்லையா? செலவானது. போர் போட்டார்கள், தொட்டி கட்டினார்கள், குழாய் பதித்தார்கள். ஒரு முறை தண்ணீர் கிடைத்துவிட்டதாகக் கணக்கில் ஏறிய ஊர், நாலைந்து வருடம் கழித்துத் தண்ணீர் இல்லாத ஊர்களின் பட்டியலுக்குத் திரும்பியது. நிலத்தடி நீர் இறங்கிப் போனது ஒரு காரணம். போட்டதைப் பார்த்துக்கொள்ள ஆளும் பணமும் இல்லாதது இன்னொரு காரணம்.

ஜல் ஜீவனுக்கு 3.60 லட்சம் கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அதில் மத்திய அரசின் பங்கு 2.08 லட்சம் கோடி, நம்மைப் போன்ற மாநிலங்களுக்குப் பாதிக்குப் பாதி. ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர், குடத்தில் அளந்தால் பதினெட்டுக் குடத்துக்கு மேல். பதினெட்டுக் குடம் தூக்கிய ஒரு பெண்ணிடம் இந்தத் திட்டம் வேண்டாமா என்று கேட்க நான் தயாரில்லை. பெரிய முதலீட்டுக்கு நான் எதிரி இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரியில் ஃப்ளூரைடு தண்ணீரைக் குடித்துப் பல்லில் காவிக் கறை ஏறி, எலும்பு வளைந்து போன தலைமுறை இருக்கிறது. ஜப்பான் கடனுதவியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்தது அவர்களுக்காகத்தான். அந்த ஊர்களில் வெறும் வால்வு மாற்றி எதையும் சரிசெய்திருக்க முடியாது, காவிரியைத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஆனால் அந்தக் காவிரியும் மேட்டுக்கு ஏற வேண்டும். தினமும் மின்சாரம் வேண்டும், தினமும் ஆள் வேண்டும், கடன் அடைந்த பிறகும் வேண்டும்.

2025 மத்திய பட்ஜெட்டில் ஜல் ஜீவன் திட்டத்தை 2028 வரை நீட்டித்தபோது, இனிக் கட்டுமானத் தரத்திலும் இயக்கிப் பராமரிப்பதிலும் கவனம் இருக்கும் என்று நிதியமைச்சர் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தைத் தொலைக்காட்சியில் கேட்டபோது எனக்கு அந்த ஏணிப் படிதான் கண்ணில் வந்தது.

சரி, ஊர் மக்கள் பங்குக்கு வருகிறேன். எங்கள் ஊராட்சியில் வீட்டு இணைப்புக்கு மாதம் 50 ரூபாய். நான் வந்தபோது பாதி வீடுகள்கூடக் கட்டவில்லை. ஏன் என்று வீடு வீடாகக் கேட்டேன். "தண்ணி வரட்டும், கட்டுறேன்" என்று கடைசித் தெருவில் சொன்னார்கள். அது நியாயம். "யாரும் கேக்கல" என்று எங்கள் தெருவில் சொன்னார்கள். அதுவும் உண்மைதான், நல்ல தண்ணீர் வரும் தெருவில் போய்ப் பாக்கி கேட்க யாருக்கும் மனம் வரவில்லை. சிலர் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். அதில் என் சொந்தக்காரர் வீடும் ஒன்று. அந்த மோட்டார்களைக் கழற்றச் சொன்னதில் போன உறவு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. ஆனால் அந்த ஒரு வேலைக்குக் காசு எதுவும் ஆகவில்லை, கடைசித் தெருவில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தண்ணீர் வந்தது.

மார்ச் 22 உலகத் தண்ணீர் தினக் கிராம சபையில் ஒரு தடவை வரவு செலவைப் பெரிய சார்ட்டில் எழுதி ஒட்டினேன். எத்தனை வீடு கட்டியது, பிளீச்சிங் பவுடருக்கு எவ்வளவு, ஃபிட்டருக்கு எவ்வளவு, பாக்கி எவ்வளவு. யார் பெயரும் எழுதவில்லை, தெருவை மட்டும் எழுதினேன். அதிகப் பாக்கி இருந்தது தொட்டியை ஒட்டிய தெரு. கூட்டத்தில் அதை ஒரு பள்ளிக்கூடப் பையன் சத்தமாகப் படித்தான். அடுத்த இரண்டு மாதத்தில் வசூல் ஏறியது. வரவு செலவு தெரிந்தால் ஜனங்கள் கட்டுகிறார்கள். தெரியாமல் இருந்தால், கட்டுவது யாருக்கோ போகிறது என்று நினைக்கிறார்கள்.

இதைப் பெரிய அளவில் செய்து காட்டிய ஊர் ஒன்று நம் மாநிலத்திலேயே உண்டு. ஆலந்தூர். இப்போது சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது, 1990-களில் அது தனி நகராட்சி. ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர், பாதாளச் சாக்கடை கிடையாது, வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், நிறைந்தால் லாரி. 1996-ல் நகராட்சித் தலைவராக வந்த ஆர்.எஸ்.பாரதி பாதாளச் சாக்கடை வேண்டும் என்று இறங்கினார். செலவு சுமார் 34 கோடி. கடனும் மானியமும் மாநிலத்தின் நகர்ப்புற நிதி நிறுவனங்கள் வழியாக வந்தன. மீதிக்கு மக்களிடமே போனார்கள். வீட்டு இணைப்புக்கு 5,000 ரூபாய் முன்பணம், அப்புறம் மாதம் 150 ரூபாய். அன்றைக்கு 5,000 ரூபாய் சின்னத் தொகை இல்லை. குடியிருப்போர் நலச் சங்கங்களைக் கூட்டிக் கூட்டிப் பேசினார்கள். ஒரு குழிகூடத் தோண்டும் முன்னாலேயே ஆயிரக்கணக்கான வீடுகள் பணம் கட்டின. என்னை ஈர்த்தது அந்த மாதம் 150 ரூபாய்தான். கட்டி முடித்த பிறகு யார் நடத்துவது, எதிலிருந்து நடத்துவது என்பதைக் கட்டுவதற்கு முன்னாலேயே பேசி முடித்திருந்தார்கள்.

அதே கால கட்டத்தில், 2003 வாக்கில், தமிழ்நாட்டின் 13 நகர்ப்புற உள்ளாட்சிகள் சேர்ந்து ஒரே கடன் பத்திரமாக 30.41 கோடி ரூபாய் சந்தையில் திரட்டின. தனித்தனியாகப் போனால் எந்த முதலீட்டாளரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார். பத்துப் பெண்கள் குழுவாகச் சேர்ந்தால்தான் வங்கியில் உட்கார நாற்காலி கிடைக்கிறது, அதே கதைதான். ஆனால் கிராம ஊராட்சிகளுக்கு இந்த வழி எளிதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மாதம் 150 ரூபாய் கட்டும் அளவு வருமானம் உள்ள வீடுகள் எங்கள் ஊரில் பாதிதான். மீதிப் பாதிக்கு அரசுப் பணம் வந்தே தீர வேண்டும். கட்டணம் வசூலித்தே எல்லாச் செலவையும் சமாளிக்கலாம் என்று பேசுகிறவர்கள் ஒரு நாள் வசூல் நோட்டோடு என்கூட வரட்டும்.

கழிவறைக் கதையும் இதேதான், கொஞ்சம் கசப்பு கூட. 2000-களின் தொடக்கத்தில் ஊராட்சிக்கு ஒன்று என்ற கணக்கில் மகளிர் சுகாதார வளாகங்கள் கட்டினார்கள். நல்ல யோசனை. கழிவறை, குளியலறை, துணி துவைக்கக் கல், தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருந்தது. எங்கள் ஊர் வளாகத்தில் என் அம்மா துணி துவைத்திருக்கிறார். இரண்டு வருடத்தில் மோட்டார் போனது, தண்ணீர் நின்றது, கதவுக்குப் பூட்டு விழுந்தது. 2011-க்கு அப்புறம் மறுபடி புதுப்பித்தார்கள். நான் உறுப்பினராக வந்தபோது திரும்பவும் பூட்டு. சாவி யாரிடம் என்று கேட்டதற்கு மூன்று பேரின் பெயர் சொன்னார்கள், மூன்று பேரிடமும் இல்லை. பூட்டை உடைத்துத்தான் உள்ளே போனோம். பீங்கான்கள் புதிது போலவே இருந்தன, ஒன்றில்கூட விரிசல் இல்லை. தண்ணீர் மட்டும்தான் இல்லை.

தூய்மை இந்தியா திட்டத்தில் வீட்டுக் கழிவறைக்கு 12,000 ரூபாய் கொடுத்தார்கள். 2015 நவம்பர் முதல் 2017 ஜூன் வரை நாம் எல்லோரும் சேவை வரியோடு அரை சதவீதம் தூய்மை இந்தியா வரி கட்டினோம், ஞாபகம் இருக்கும். 2019 அக்டோபர் 2 அன்று கிராமப்புற இந்தியா திறந்தவெளி மலம் கழித்தல் இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது. எங்கள் ஊரில் அந்தப் பணத்தில் கட்டிய கழிவறைகளில் நிறையப் பயன்பாட்டில் இருக்கின்றன. விடியும் முன்னால் கருவேலங்காட்டுக்குப் போய், பாம்புக்கும் ஆணுக்கும் பயந்து வந்த பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று எனக்குத் தெரியும், நானும் போனவள்தான். ஆனால் கடைசித் தெருவில் சில கழிவறைகளுக்குள் விறகு அடுக்கியிருந்தது. தூக்கி வந்த குடத் தண்ணீரைச் சோற்றுக்கு வைப்பார்களா, கழிவறைக்கு ஊற்றுவார்களா?

திருச்சி நகரத்துக் குடிசைப் பகுதிகளில் பொதுக் கழிப்பறைகளைப் பெண்கள் குழுக்கள் நடத்துவதைப் பார்த்துவரப் போயிருந்தேன். ஒரு முறைக்கு இவ்வளவு என்று சில்லறை வாங்குகிறார்கள். அந்தச் சில்லறையில் பராமரிப்பவருக்குச் சம்பளம், பினாயில், பல்பு, எல்லாம். வாசலில் உட்கார்ந்திருந்த அம்மா ஒவ்வொரு நாணயத்தையும் நோட்டில் கோடு போட்டுக் குறித்துக்கொண்டிருந்தார். உள்ளே தரை காய்ந்திருந்தது. பொதுக் கழிப்பறையில் காய்ந்த தரையைப் பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

அப்புறம் குழி நிறைந்தால் என்ன செய்வது என்ற கேள்வி. செப்டிக் டேங்க் லாரி வந்து எடுத்துக்கொண்டு போகிறது, எங்கே கொட்டுகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஏரிக்கரையில் இரவில் கொட்டுவதை நானே பிடித்திருக்கிறேன். செங்கல்பட்டுப் பக்கம் கருங்குழி பேரூராட்சியில் 2017-ல் மாநிலத்தின் முதல் கசடுக் கழிவு சுத்திகரிப்பு நிலையம் வந்தது. லாரி கொட்ட ஓர் இடம் இருந்தால் ஏரி தப்பிக்கும், அவ்வளவு எளிய விஷயம். இந்தச் சங்கிலியின் கடைசியில் குழிக்குள் மனிதர் இறங்கும் கொடுமை இன்னும் நிற்கவில்லை. 2013-ல் தடைச் சட்டம் வந்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்னது, 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இறந்த பிறகு கொடுக்கும் பணத்துக்கு ஒரு தொகை நிர்ணயமாகி இருக்கிறது. அவர் இறங்காமல் இருக்க வேண்டிய எந்திரத்துக்குப் பல இடங்களில் இன்னும் பணம் இல்லை என்கிறார்கள். இதைப் பற்றி எழுதினால் எனக்குக் கை நடுங்குகிறது, இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எங்கள் டேங்க் ஆபரேட்டருக்கு வயது அறுபதுக்குக் கிட்ட. காலை ஐந்து மணிக்கு மோட்டார் போட வேண்டும், தெருவுக்குத் தெரு வால்வு திருப்ப வேண்டும், மாதம் இரண்டு தடவை தொட்டிக்குள் இறங்கிக் கழுவ வேண்டும். கழுவிய தேதியைத் தொட்டித் தூணில் எழுத வேண்டும். கல்யாணம், சாவு, காய்ச்சல், எதற்கும் லீவு இல்லை. அவருடைய மாதச் சம்பளம் ஊரில் ஒரு கொத்தனாரின் ஒரு வாரக் கூலியைத் தாண்டாது. அதுவும் சில மாதங்கள் தள்ளிப்போகும். "நான் ஒரு நாள் படுத்துட்டா ஊரே என்னைத் தேடும் மெம்பரம்மா, சம்பளத்துக்கு மட்டும் நான்தான் ஊரைத் தேடணும்" என்றார் ஒரு தடவை. குடிநீர்த் திட்டத்துக்கு மதிப்பீடு போடும்போது சிமெண்ட் மூட்டையை எண்ணுவது மாதிரி, இந்த மனிதரின் அடுத்த பதினைந்து வருடச் சம்பளத்தையும் எண்ணி அதே தாளில் எழுத வேண்டும். அதற்குப் பணம் எங்கிருந்து என்று சொல்லாத திட்டத்துக்குக் கையெழுத்துப் போடக் கூடாது. ஒவ்வொரு ஊராட்சிக்கும் மோட்டாருக்கும் குழாய்க்கும் என்று உடனே எடுக்கக்கூடிய ஒரு சிறிய அவசர நிதி வேண்டும், தவணைக்குக் காத்திருக்காத நிதி. தண்ணீர் வந்த நாட்களை எண்ணுவது மாதிரி, கடைசிக் குழாயில் வந்த நாட்களைத் தனியாக எண்ண வேண்டும். நான் ஐந்து வருடமாக எல்லாக் கூட்டத்திலும் கேட்டது இவ்வளவுதான்.

அந்த நாற்பது மீட்டர் குழாய் 2022-ல் மாறியது. கட்டுண்ட மானியத் தவணை வந்த மாதம், வேறு வேலைக்குத் தீர்மானம் போடத் தயாராக இருந்த கூட்டத்தில் சண்டை போட்டு வாங்கினேன். சாக்கடையை விட்டு இரண்டடி தள்ளிப் புதுக் குழாய் பதித்தோம். மூன்றாம் நாள் காலை பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். அதே அப்பாயி குடத்தோடு நின்றிருந்தார். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து மருந்தை விட்டேன். மெதுவாக, எலுமிச்சைச் சாறு கலந்த மாதிரி ஒரு மஞ்சள் பரவியது. அவர் கையில் கொடுத்தேன். வெயிலுக்குத் தூக்கிப் பார்த்தார். "இதுக்கா கண்ணு இத்தன நாளு அலைஞ்ச?" என்றார். அதற்கப்புறம் என்னை எங்கே பார்த்தாலும், "மஞ்ச வருதா?" என்றுதான் கேட்பார்.

2025 ஜனவரி 5-ம் தேதியோடு எங்கள் பதவிக் காலம் முடிந்தது. மறுபடியும் தனி அலுவலர். பெட்டியை ஊராட்சி அலுவலகத்தில் ஒப்படைத்தேன். ஆர்த்தோடாலிடின் புட்டியில் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. அடுத்த புட்டி வாங்க யார் கையெழுத்துப் போடுவார், எந்தக் கணக்கில் எடுப்பார் என்று செயலரிடம் கேட்டேன். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கேட்டுச் சொல்றேன்மா" என்றார். போன வாரம் துறையூர் போனபோது ஒரு புட்டி நானே வாங்கி வந்துவிட்டேன். நாளைக்குக் காலையில் தண்ணீர் விடும் நேரத்தில் கடைசித் தெருவுக்குப் போக வேண்டும்.